விளக்கெண்ணெய் ஆவியான வாரம்

விளக்கெண்ணெய் ஆவியாகாது. வெயிலில் வைத்தாலும் ஆகாது, ஆடிக் காற்றில் ஒரு வாரம் வைத்தாலும் ஆகாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைக் குடிக்க வைக்கப்பட்ட குழந்தைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் "ஆவியாகிவிட்டது" என்று நகராட்சிக் காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அதை ஒலிபெருக்கியில் ஊருக்கே படித்துக் காட்டிய ஒரே மனிதன் இந்த உலகத்தில் நான்தான்.

பிள்ளைகளே, இந்தக் கதையை நீங்கள் இரண்டு பேரும் பல பேரிடம் பல விதமாகச் சொல்லி வருகிறீர்கள். பிரபு சொல்லும்போது நான் கூரையிலிருந்து நேராகத் தோசைக்கல்லில் விழுகிறேன். கவிதா சொல்லும்போது என் கமிஷனர் என்னைப் பந்தலை விட்டே துரத்துகிறார். இரண்டும் பொய். நடந்தது இதைவிட மோசம். அதனால்தான் நானே எழுதுகிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்த வேலையை எல்லாம் அன்றைக்கே செய்து முடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உங்கள் அம்மாவைக் கட்டி நாலு மாதம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடப் போகிறார்கள், மூடப் போகிறார்கள் என்று டீக்கடையில் தினமும் மூடிக்கொண்டிருந்தார்கள். நான் நகராட்சியில் சுகாதாரப் பிரிவில் இருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் ஒரு வருடம் சுகாதாரப் பயிற்சி. சாக்கடை, கொசு, குப்பைத் தொட்டி, இவை மூன்றிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று கேட்காதீர்கள். யாராவது ஒருவன் அதில் கெட்டிக்காரனாக இருந்தால்தான் மற்றவன் மூக்கை மூடாமல் நடக்க முடியும்.)

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு புதுக் கமிஷனர் வந்தார். கன்னடக்காரர், சுறுசுறுப்பானவர். வந்த மாதமே ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் நகராட்சி எந்தக் கட்டடம் கட்டினாலும், அந்த இடத்தில் அதைக் கட்டினால் காற்று எப்படி, தண்ணீர் எப்படி, அங்கே வரப் போகிற மனுஷனுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்து ஓர் ஆய்வு அறிக்கை வைக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். யார் எழுதுவது என்பதுதான் கேள்வி. என்ஜினீயர், "கட்டறதுதான் என் வேலை" என்றார். டாக்டர், "கட்டின பிறகு வர்ற வியாதிதான் என் வேலை" என்றார். கட்டுவதற்கு முன்னால் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான்.

அப்படித்தான் நான் சுற்றுச்சூழல் ஆய்வுத் திட்ட உதவியாளன் ஆனேன். பெயர் நீளமாக இருந்ததால் பலகையில் இரண்டு வரியாக எழுத வேண்டியதாயிற்று. இரண்டு வரிப் பெயர் எங்கள் ஆபீசில் வேறு யாருக்கும் இல்லை. அந்தப் பலகையைப் பார்ப்பதற்காகவே உங்கள் அம்மாவை ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அவள் பூதிகோட்டைக்காரி, விவசாயக் குடும்பம், எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை தட்டிப் பார்த்து வாங்குகிறவள். பலகையை முழுசாகப் படித்தாள்.

"எல்லாம் சரிங்க. நீங்க இன்னா வேலை பண்றீங்கன்னு இதுல எங்க கீது?" என்றாள்.

அது எனக்கே தெரியாது. அதற்காகவே என்னைப் பெங்களூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக மூன்று நாளும் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தேன். அங்கே காற்றை உறிஞ்சித் தூசியை அளக்கும் மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். மெஷின் இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது என்று நான் எழுந்து கேட்டேன். பாடம் நடத்தியவர் கொஞ்சம் யோசித்து, "ஒரு தட்டில் எண்ணெய் தடவி எடை போடுங்கள். வெளியில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எடை போடுங்கள். கூடியிருப்பது தூசி" என்றார். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்: "மற்றவர் சொல்வதை நம்பாதீர்கள். அளவை நம்புங்கள்."

அந்த ஒரு வார்த்தை என் தலையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. குறைவாகப் படித்தவன் தலையில் நிறைய இடம் காலியாக இருக்கும், வந்தது வசதியாக உட்கார்ந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் கோரமண்டல் என்கிற பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த ஒரு லைனில், அதாவது வரிசை வீடுகளில், அறுபது சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி வேண்டும் என்று பெண்கள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பள்ளி மழைக்கு ஒழுகியது. கமிஷனர் ஒரு காலி இடத்தைப் பிடித்தார். வில்லங்கம் இல்லாத இடம், மேடு பள்ளம் இல்லாத இடம், உடனே கட்டலாம். ஒரே ஒரு குறை. இடம் சயனைடு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது.

நீங்கள் வளர்ந்த பிறகு அந்த மேடுகளைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். பூமிக்குள்ளிருந்து எடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண், மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும். மாவு என்றால் சலித்த மாவு. ஆடி மாசக் காற்றில் அது கிளம்பினால் சோற்றில் நறநற, பல்லில் நறநற, காதில்கூட நறநற. மூன்று வயதுப் பிள்ளைகளைக் காலையிலிருந்து சாயந்திரம் வரை அதன் காலடியில் உட்கார வைக்கலாமா என்பதுதான் கேள்வி. பெண்கள் வேண்டாம் என்றார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசையில், அதாவது மேட்டு மண் பறந்து வராத பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு பழைய ஸ்டோர் கட்டடத்தைக் கேட்டார்கள். அதற்குக் காகித வேலை நிறைய என்று கமிஷனர் தயங்கினார். கடைசியில், "ஆய்வு பண்ணுவோம். தூசின்னா அங்கே, இல்லைன்னா இங்கே" என்று முடிவானது.

ஆக அறுபது பிள்ளைகளின் மூக்கும் என் கையில். நானும் சும்மா இல்லை. கமிஷனரிடம் எழுதி வாங்கி, பன்னிரண்டு சின்ன எவர்சில்வர் தட்டுகள் வரவழைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் வெட்டினேன். விளக்கெண்ணெய் தடவி, நகைக்கடை ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஊரிலேயே நுணுக்கமான தராசு அவரிடம்தான் இருந்தது.

ஆசாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார், மேட்டு மண்ணுல தங்கம் பாக்கப் போறீங்களா? எங்கப்பாவே பாத்துட்டாரு, ஒண்ணியும் தேறாது."

"இல்லைங்க. தூசியைப் பாக்கப் போறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு தராசு? வாயைத் திறந்துகினு ரெண்டு நிமிஷம் வெளிய நின்னா போதாதா?"

(மற்றவர் சொல்வதை நம்பாதே, அளவை நம்பு. நான் எடையைக் குறித்துக்கொண்டேன்.)

மறுநாள் லைனுக்குப் போனேன். முதலில் ஜெயம்மா அக்கா வீட்டுக்கு. அந்த லைனில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். முப்பது வயது இருக்கும், சுரங்கத்தில் ஷிப்ட் போகிற புருஷன், செல்வி என்று மூன்று வயதில் ஒரு பெண். ஏணி போட்டுக் கொடுத்துவிட்டு, "கூரை பழைய தகரம் சார், பாத்துக் கால் வைங்க" என்றார். அளவைத்தானே நம்ப வேண்டும், அக்காவை எதற்கு நம்புவது? இரண்டாவது அடியில் தகரம் உடைந்தது. என் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே நான், ஒரு கையில் எண்ணெய்த் தட்டு. கீழே சமையலறையில் ஜெயம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. நிதானமாகக் குரல் மட்டும் வந்தது.

"சார், கால் தெரியுது."

"தெரியும்க்கா."

"இன்னும் ஒரு ஜாண் எறங்கினா தோசைக்கல்லு. இருங்க, அடுப்பைத் தள்ளி வைக்கிறேன்."

பிரபு, கவனி. நான் விழவில்லை. தொங்கினேன்.

என்னை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். செருப்பு ஒன்று தோசை மாவில் கிடந்தது. அதற்கப்புறம் அந்த லைனில் எந்தக் கூரையையும் என்னை அவர்கள் ஏற விடவில்லை. பன்னிரண்டு தட்டுகளையும் பெண்களே வாங்கிக்கொண்டு போய் அவரவர் கூரை ஓரத்தில் வைத்தார்கள். நான் கீழே நின்று, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, பெங்களூரில் கற்ற கண்டிப்போடு சொன்னேன்: "ஏழு நாள் யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. காக்கா உக்காந்தா விரட்டணும். எட்டாம் நாள் காலையில எங்க ஆபீஸ் வெங்கடப்பா வந்து வாங்கிக்குவாரு."

ஒரு வார்த்தை மாறாமல் செய்தார்கள். ஏழு நாளும் பிள்ளைகளைப் பந்து விளையாட விடவில்லையாம். காக்காய்க்காக ஒரு வீட்டில் கிழவரைக் கம்போடு உட்கார வைத்திருந்தார்களாம். அந்த ஏழு நாளும் அடித்த காற்று இருக்கிறதே, ஆபீசில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்தோம். எட்டாம் நாள் வெங்கடப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். நான் போகவில்லை. இரண்டு வரிப் பலகை வைத்திருக்கிறவன் தட்டு பொறுக்கப் போவதா என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு நான் இன்றைக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால் என் மேஜை மேல் பன்னிரண்டு தட்டும் அடுக்கி வைத்திருந்தது. பளபளவென்று. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மூளை என்று ஒன்று இருக்கிறவன் அங்கேயே வெங்கடப்பாவைக் கூப்பிட்டு என்ன ஏது என்று விசாரித்திருப்பான். நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் ஓடினேன். எடை கூடவில்லை. அதோடு விடவில்லை, எல்லாத் தட்டும் போனதைவிடக் குறைந்து வந்திருந்தது. ஆசாரி இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "தூசி வரலை சார். இருந்ததும் போயிடுச்சு" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். காற்று இல்லாததைத் தூக்கிக்கொண்டு வரலாம், இருப்பதை எப்படித் தூக்கிக்கொண்டு போகும்? கடைசியில் கண்டுபிடித்தேன். அறிக்கையில் இப்படி எழுதினேன்: "தூசிப் படிவு கண்டறியப்படவில்லை. எடைக் குறைவுக்குக் காரணம், தட்டில் தடவிய விளக்கெண்ணெய் காற்றின் வேகத்தில் ஆவியாகிவிட்டதே."

அன்று சாயந்திரம் இதை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"விளக்கெண்ணெயா? ஆவியாச்சா?"

"ஆமா. காத்து வேகம்."

"எங்க வூட்ல குத்துவிளக்குத் தட்டுல ஊத்தின விளக்கெண்ணெய் மூணு வருஷமா பிசுபிசுன்னு கீதுங்க."

"அது பூதிகோட்டைக் காத்து. இது வேற." (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். அவளிடமே கேளுங்கள், நாக்கு நுனியில் வைத்திருப்பாள்.)

அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தானே. இப்போதாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

கமிஷனருக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் அடிக்கல் நாட்ட மறுநாளே தேதி குறித்து, அதற்கு முந்தின நாள் மத்தியானம் பொதுக்கூட்டம் வைத்தார். கூட்டம் எங்கே? அதே இடத்தில், மேட்டின் அடிவாரத்தில். தூசி இல்லாத இடம் என்று எழுதிக் கொடுத்த பிறகு வேறு எங்கே வைப்பார்?

சாமியானா போட்டிருந்தார்கள். அது புடைத்துக்கொண்டு நாலு பக்கமும் இழுத்தது. மேடையில் கமிஷனர், இரண்டு கவுன்சிலர்கள், நான். கீழே ஜமக்காளத்தில் லைன் பெண்கள், மடியில் பிள்ளைகள். ஜெயம்மாவின் செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கின் மேல் அம்மாவின் முந்தானை. சுற்றிப் பார்த்தேன், தூங்குகிற பிள்ளைகள் எல்லோர் முகத்திலும் முந்தானை. பார்த்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை. புது வேட்டி, புதுச் சட்டை, கையில் ஒலிபெருக்கி. எனக்கு என் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"தூசிப் படிவு கண்டறியப்படவில்லை" என்று படித்தேன். அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து ஒரு வீச்சு வந்தது. நான் பிடித்திருந்த காகிதத்தில் சரசரவென்று மண் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன். கவுன்சிலர் ஒருவர் இருமினார். நான் விளக்கெண்ணெய் வரைக்கும் போய்விட்டேன்.

ஜெயம்மா எழுந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இன்னா இல்லைன்னீங்க?"

"தூசி."

"எங்க இல்ல?"

"இங்க."

அவர் மேடைக்கு வந்து மேஜை விரிப்பில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு நன்றாகத் தெரிந்தது. விரலை என் முன்னால் நீட்டினார். "அப்போ இது இன்னா சார், பவுடரா?"

"அக்கா, கண்ணுக்குத் தெரியறது வேற. நான் ஏழு நாள் முறைப்படி அளந்திருக்கேன். தட்டு வெச்சு."

"எந்தத் தட்டு? நாங்க கழுவிக் குடுத்த தட்டா?"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கையில் இருந்த ஒலிபெருக்கிக்கு அடைக்கவில்லை. "கழுவினீங்களா?" என்று நான் முனகியது மேடு வரைக்கும் போய் எதிரொலித்தது.

"பின்ன? எண்ணெயும் புழுதியும் அப்பிக்கினு கீற தட்டை அப்படியே ஆபீசுக்கு அனுப்புவாங்களா? அதுவும் நம்பர் போட்ட தட்டு. நாலாம் நம்பர் ஜெயம்மா வூட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும். லைன்ல கீற ஜனங்கன்னா அழுக்கு ஜனங்கன்னு பேசறதுக்கா? புளி போட்டுத் தேய்ச்சு, சாம்பல் போட்டுத் தேய்ச்சுத்தான் குடுத்தோம்."

"நான்தான் தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"ஏழு நாள் தொடக்கூடாதுன்னீங்க, தொடல. எட்டாவது நாளைப் பத்தி நீங்க ஒண்ணியும் சொல்லல."

கீழே இருந்து இன்னொரு குரல்: "வெறுந்தட்டாவும் அனுப்பல சார். ஊரான் வூட்டுத் தட்டை வெறுமனே திருப்புவாங்களா? நான் முறுக்கு வெச்சேன்."

"நான் அதிரசம் வெச்சேன்."

"நம்ம வூட்ல அன்னைக்கு ஒண்ணும் இல்ல சார், ரெண்டு வாழப்பழம்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லாத் தட்டும் சாட்சி சொன்னது. சுண்டல், பொரி உருண்டை, ஒரு வீட்டில் மஞ்சளும் பூவும்கூட வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"எந்த முறுக்கு?"

கூட்டமே திரும்பி வெங்கடப்பாவைப் பார்த்தது. அவன் சாமியானாக் கயிற்றின் முடிச்சை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான். "சார் சாப்பாட்டுக்குப் போய்ட்டிருந்தாரு... ஆபீஸ்ல எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்..." என்றான். நான் கமிஷனரைப் பார்த்தேன். கமிஷனர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். மண்ணுக்காகத் துடைத்தாரா, பத்து நாளைக்கு முன்னால் தின்ற அதிரசத்துக்காகத் துடைத்தாரா தெரியாது.

அதற்கப்புறம் எழுந்த சிரிப்பை நான் எந்தத் தராசில் போட்டு அளப்பேன்? ஜமக்காளம் முழுக்கச் சிரித்தது. தூங்கிய பிள்ளைகள் விழித்து, என்ன ஏது என்று தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள். அடுத்த ஆடிக் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்காருபேட்டை ஜங்ஷனில் இறக்கிவிட்டால் தேவலாம் என்றிருந்தது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

கமிஷனர் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கிப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னார். "நோடி சேகர். ரிப்போர்ட் ரெடி இருக்கு. உங்க கையெழுத்து இருக்கு. நாளைக்குக் கல்லு போடணும். இவங்க சிரிக்கறாங்க, அப்புறம் வீட்டுக்குப் போவாங்க. சுமனே கூத்கொள்ளி."

நோடி என்றால் பாருங்கள். கடைசியில், சும்மா உட்காருங்கள் என்கிறார்.

உட்கார்ந்திருக்கலாம். நாற்காலி இருந்தது. அவமானம் ஏற்கெனவே முழுசாக ஆகிவிட்டது, உட்கார்ந்தால் அதற்கு மேல் ஆகாது. காகிதத்தில் தூசி இல்லை. காகிதம் பேசும், கட்டடம் எழும்பும், என் பலகை அப்படியே இருக்கும். அப்போதுதான் செல்வி முந்தானையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி, இருமினாள். பெரிய இருமல் ஒன்றும் கிடையாது. சின்னதாக, பழக்கப்பட்ட மாதிரி இருமினாள். மூன்று வயதில் பழக்கமா?

நான் ஒலிபெருக்கியைக் கமிஷனர் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன். பிடுங்கினேன் என்று கவிதா சொல்வது சரி. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

"நான் படிச்ச ரிப்போர்ட் தப்பு" என்றேன். "தட்டு கழுவினது எனக்குத் தெரியாது. கேக்காமப் போனது என் தப்பு. விளக்கெண்ணெய் ஆவியாச்சுன்னு எழுதினதும் நான்தான், அது ஆவியாகாதுன்னு என் வூட்டுக்காரி அன்னைக்கே சொல்லிச்சு." (இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுக்கவில்லை.) "திரும்ப ஏழு நாள் அளக்கற வரைக்கும் இங்க கல்லு போட நான் எழுதிக் குடுக்க மாட்டேன். வேற யாராவது எழுதிக் குடுத்தா, அவங்க இங்கயே ஏழு நாள் வாயைத் திறந்துகினு உக்காந்துட்டு எழுதட்டும்."

அறிக்கையின் முதல் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, "இது தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. அதனால் அதற்குக் கீழே இன்னொரு தடவை போட்டேன்.

கூட்டம் கைதட்டியது என்று எழுத ஆசைதான். தட்டவில்லை. "சரி, அப்ப மறுபடி எண்ணெய் தட்டா?" என்று அலுத்துக்கொண்டார்கள். ஜெயம்மா மட்டும் என்னிடம் வந்து, "உக்காந்துடுவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அதைவிடப் பெரிய கைதட்டல் எனக்கு அப்புறமும் கிடைத்ததில்லை.

அடிக்கல் நின்றது. மறுநாள் எனக்கு மெமோ வந்தது. பொதுமக்கள் முன்னிலையில் அலுவலகத்தைக் கேலிக்கு உள்ளாக்கியதற்கு விளக்கம் தரவும் என்று. நான் பத்தாம் வகுப்புத் தமிழில் பதில் எழுதினேன்: "தட்டு கழுவப்பட்டது உண்மை. முறுக்கு வைக்கப்பட்டது உண்மை. முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டவர்கள் பட்டியல் தேவைப்பட்டால் தனியாகச் சமர்ப்பிக்கிறேன்." மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

இரண்டாம் தடவை அளப்பது லேசாக இல்லை. அழுக்குத் தட்டை அப்படியே கொடுக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. அழுக்குத் தட்டு என்னுடையது, அந்த அழுக்கு மேட்டுடையது, வீட்டின் பெயர் இதில் எங்கும் வராது என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. வெறுந்தட்டு கொடுக்கக்கூடாதே என்பதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தட்டு தனியாக, பலகாரம் தனியாகப் பொட்டலத்தில். எட்டாம் நாள் நானே போனேன். மரப்பெட்டியில் பன்னிரண்டு தட்டு, சைக்கிள் கைப்பிடியில் பன்னிரண்டு பொட்டலம். பெட்டியை ஆட்டாமல் ஆசாரி கடை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பொட்டலம் ஒன்றைக்கூட வெங்கடப்பாவிடம் காட்டவில்லை.

ஆசாரி முதல் தட்டை வைத்ததும் தராசு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் கிண்டல் பண்ணவில்லை. "இதையா சார் நாம மூச்சு விட்டுகினு கீறோம்?" என்றார். தட்டுகளைக் கழுவாமலே கமிஷனர் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்து, ரொம்ப நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் ஒன்றும் கிடையாது. அவசரக்காரர், அவ்வளவுதான். ஸ்டோர் கட்டடத்துக்கான காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அடுத்த காகிதத்தில் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார். இரண்டு வரிப் பலகை போயிற்று. புதுப் பிரிவில் பலகையே கிடையாது. போகட்டும். அறுபது பிள்ளைகள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அ, ஆ படித்தார்கள். சில வருடம் கழித்து அதே பெஞ்சில் கவிதாவும் உட்கார்ந்தாள். இதில் நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

ஆனால் ஊர் விடுமா? பதிவுப் பிரிவுக்கு ஜெயம்மா லைனிலிருந்து யார் வந்தாலும், "தட்டு கழுவலாமா சார், கூடாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாரத்தை நீட்டுவார்கள். வீட்டில் கேட்கவே வேண்டாம். நீங்கள் மார்க் சீட் கொண்டு வந்து நீட்டினால் உங்கள் அம்மா, "இது கழுவின தட்டா, கழுவாத தட்டா?" என்று கேட்பாள். எதிலாவது குறை தெரியாமல் பளபளவென்று இருந்தால் எங்களுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

போன தை மாசம் கவிதாவின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பங்காருபேட்டைக்காரர்கள், நல்ல மரியாதைப்பட்டவர்கள், கொஞ்சம் இறுக்கமானவர்கள். தட்டு மாற்றுகிற நேரம். சம்பந்தி தட்டை நீட்ட, நான் கை நீட்ட, சபை அமைதியாக இருந்த அந்த நேரத்தில் உங்கள் தாய்மாமன் பின்னாலிருந்து, "சம்பந்தி, தட்டைக் கழுவினீங்களான்னு முதல்ல சொல்லிடுங்க. எங்க மாமா எழுதி வெச்சிடுவாரு" என்றான்.

நம்ம பக்கத்துச் சனம் முழுக்கச் சிரித்தது. சம்பந்தி முகம் சுருங்கியது. கல்யாணம் நின்றதோ என்று நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டேன். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஜெயம்மா எழுந்தார். நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதே குரல். முழுக் கதையையும் சபையில் வைத்துச் சொன்னார். கால் தெரிந்ததிலிருந்து, கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டது வரைக்கும், ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியின் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி, "தோ, இதோட ஆத்தா அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவ" என்று முடித்தார்.

சம்பந்தி தட்டைக் கீழே வைத்தார். பழத்தையும் பூவையும் ஓரமாக ஒதுக்கி, தோளில் இருந்த பட்டுத் துண்டை எடுத்து, தட்டின் விளிம்பை ஒரு சுற்று நிதானமாகத் துடைத்தார். பழத்தைத் திரும்ப அடுக்கி, சிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"அளந்துக்கறீங்களா சம்பந்தி?" என்றார்.

நான் எடை போடாமலே வாங்கிக்கொண்டேன்.